பெர்டினாண்ட் பிரெடெரிக் ராய்ஸ்

பெர்டினாண்ட் பிரெடெரிக் ராய்ஸ் (1778 - 1852) ஜெர்மனியில் பிறந்து உருசியாவில் பணியாற்றிய வேதியியலாளர் ஆவார். ஈரக் களிமண்ணின் ஊடாக மின்சாரத்தைச் செலுத்தினால் அதிலுள்ள நீர் எதிர்மின்வாயை நோக்கி நகரும் என்பதைச் சோதனை மூலம் காட்டியவர் என்று இவர் அறியப்படுகிறார். இவ்விளைவு மின்னூடுபரவல் எனப்படுகிறது. மென்மையான களிமண்ணிலிருந்து மின்சாரத்தால் நீரை வடித்து அதனை உறுதியாக்கும் பொறியியல் முறைக்கு இதுவே அடிப்படையாகும்.

வாழ்க்கை

ராய்ஸ் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் 1778 ஆம் ஆண்டில் பிறந்தார். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசியப் பல்கலைக்கழகங்கள் ஜெர்மானிய அறிஞர்கள் பலரைப் பேராசிரியர்களாக அழைத்துக்கொண்டன. அவ்வாறு மாஸ்கோ பல்கலைக்கழகத்திற்குச் சென்ற ராய்ஸ் அங்கு வேதியியல் கற்பித்தார். 1805 இல் தொடங்கப்பட்ட மாஸ்கோ இயற்கையியலாளர் கழகத்தின் வெளியீட்டிலேயே இவருடைய புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை வந்தது.

1812 இல் நெப்போலியனின் படையெடுப்பின்போது மாஸ்கோ நகரம் தீக்கிரையானது. பல்கலைக்கழகமும் அதன் நூலகமும் பேரழிவைச் சந்தித்தன. பின்னர் பல்கலைக்கழக நூலகராகவும் பொறுப்பேற்ற ராய்ஸ், மீண்டும் சேர்க்கப்பட்ட நூல்களைத் துறைவாரியாக வகைப்படுத்தும் முறை ஒன்றை உருவாக்கி 1826 இல் வெளியிட்டார். இறுதிக் காலத்தில் ஜெர்மனிக்குத் திரும்பிய இவர் 1852 இல் ஸ்டுட்கார்ட் நகரில் காலமானார்.

சோதனை

வோல்ட்டா தம் மின்கல அடுக்கை 1800 இல் அறிவித்திருந்தார். ராய்ஸ் வெள்ளி ரூபிள் நாணயங்களையும் துத்தநாகத் தகடுகளையும் அடுக்கி அத்தகைய மின்கலத்தை அமைத்தார். ஈரக் களிமண்ணில் இரண்டு கண்ணாடிக் குழாய்களைச் செருகி, அவற்றின் அடியில் கழுவிய மணலை இட்டு, மேலே நீரை நிரப்பினார். ஒவ்வொரு குழாயிலும் ஒரு மின்வாயை வைத்து மின்சாரத்தைச் செலுத்தினார்.

எதிர்மின்வாய் இருந்த குழாயில் நீர்மட்டம் உயர்ந்தது. நேர்மின்வாய் இருந்த குழாயில் நீர்மட்டம் தாழ்ந்தது. அங்கிருந்த நீர் கலங்கியும் போயிற்று. அதாவது நீர் ஒரு திசையிலும் நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்த் திசையிலும் நகர்ந்தன. இரண்டாவதாகக் கூறப்பட்ட விளைவு இன்று மின்புலத் தூள்நகர்ச்சி எனப்படுகிறது. இச்சோதனைகளை ராய்ஸ் 1807 இல் அறிவித்தார்; கட்டுரை 1809 இல் அச்சானது.

முதன்மை பற்றிய கேள்வி

பாடநூல்கள் பெரும்பாலும் இக்கண்டுபிடிப்பை ராய்சுக்கே உரியதாகக் கூறுகின்றன. ஆனால் பிரான்சு நாட்டின் நிக்கோலா கோத்ரோ 1801 இலேயே மின்னூடுபரவலைக் கண்டிருந்தார் என்று 2017 இல் வெளியான வரலாற்று ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. இங்கிலாந்தில் போரெட் என்பவர் 1816 இல் இதே விளைவைத் தனியாகக் கண்டறிந்தார். மாஸ்கோவில் வெளியான கட்டுரை மேற்கு ஐரோப்பாவில் பரவலாக அறியப்படாததால், 19 ஆம் நூற்றாண்டில் இது போரெட்டின் பெயராலும் அழைக்கப்பட்டது. எனினும் களிமண்ணில் நீரும் துகளும் எதிரெதிராக நகர்வதைத் தெளிவாக ஆராய்ந்த சிறப்பு ராய்சுக்கு உண்டு.

அறிவியல் விளக்கம்

களிமண் துகள்களின் மேற்பரப்பு பொதுவாக எதிர்மின்னூட்டம் உடையது. எனவே துகளை ஒட்டிய நீரில் நேர்மின் அயனிகள் மிகுதியாகக் கூடியிருக்கும். மின்புலத்தில் இந்த அயனிகள் எதிர்மின்வாயை நோக்கி நகரும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்கின்றன. இதற்கான கோட்பாட்டை எல்மோல்ட்சு 1879 இலும் சுமோலுச்சோவ்சுக்கி 1903 இலும் வகுத்தனர்.

இதன் பயனைத் தாமிரபரணிப் படுகையின் மண்ணைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டினால் சிறிது நேரத்தில் நீர் சுரந்து நிற்கும். குளத்துக் கரம்பையில் அதே ஆழத்தில் குழி தோண்டினால், மண் நீரால் நிறைந்திருந்தாலும் குழியில் நீர் எளிதில் சேராது. களிமண்ணின் நுண்துளைகள் மிகச் சிறியவை என்பதே காரணம். புவியீர்ப்பால் நீர் வடியும் வேகம் துளையின் அளவு குறையக் குறைய மிக விரைவாகக் குறைகிறது. மின்சாரத்தால் நீர் நகரும் வேகமோ துளையின் அளவைப் பெரிதும் சார்ந்ததன்று. ஆகவே சாதாரண வடிகால் பயன்படாத களிமண்ணிலும் வண்டலிலுமே இம்முறைக்கு மதிப்பு மிகுதி.

பொறியியலில் பயன்பாடு

ராய்சின் கண்டுபிடிப்பு கட்டுமானத் துறைக்கு வந்து சேர ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆயின. நாணய அடுக்கு தரும் சிறிதளவு மின்சாரம் ஒரு குழாய்க்குப் போதும். நிலப்பரப்பு ஒன்றிற்குப் போதாது. 1930களில் ஆசுத்திரியப் பொறியியலாளர் லியோ காசகிராண்டே இம்முறையைக் களத்திற்குக் கொண்டுவந்தார். 1939 இல் ஜெர்மனியின் சால்சுகிட்டரில், சரிந்து கொண்டிருந்த இரயில் பாதை வெட்டு ஒன்று இம்முறையால் நிலைப்படுத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனி கைப்பற்றியிருந்த நோர்வேயின் துரோந்தெய்மில் நீர்மூழ்கிக் கப்பல் தளத்திற்கான அகழ்விலும் இது பயன்பட்டது. நோர்வேயின் ஓசு என்னுமிடத்தில் உணர்மிகு களிமண்ணில் அடித்தளம் அமைக்க இம்முறையைக் கையாண்டதைப் பியெர்ரமும் உடன் பணியாற்றியோரும் 1967 இல் விவரித்தனர்.

களத்தில் இரும்புக் கம்பிகள் நேர்மின்வாய்களாகவும் துளையிட்ட குழாய்க் கிணறுகள் எதிர்மின்வாய்களாகவும் மண்ணில் இறக்கப்படுகின்றன. எதிர்மின்வாயில் சேரும் நீர் இறைத்து வெளியேற்றப்படும். நீர் குறைவதால் நுண்துளை நீரழுத்தம் தாழ்கிறது. துகள்கள் நெருங்கி மண் வலுப்பெறுகிறது.

குறைபாடுகள்

நேர்மின்வாய்கள் விரைவில் அரிக்கப்படுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள மண் காய்ந்து வெடிப்பதால் மின்தொடர்பு குறைகிறது. மின்செலவும் மிகுதி. உவர்ப்பு மிகுந்த மண்ணில் மின்சாரத்தின் பெரும்பகுதி நீரை நகர்த்தாமல் வீணாகிறது. ஆகவே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடி போன்ற கடலோரங்களின் உவர்க் களிமண்ணுக்கு இம்முறை எளிதில் பொருந்தாது. இத்தகைய இடங்களில் செங்குத்து வடிகால் பட்டைகளை இறக்கி, மேலே மண்ணைக் குவித்துப் பாரமேற்றும் முறையே பொதுவாகச் சிக்கனமானது. காத்திருக்கக் காலமோ பாரமேற்ற இடமோ இல்லாதபோது மின்னூடுபரவல் முறை கருதப்படுகிறது.