ஜான் போஸ்டல்

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் (ஆகஸ்ட் 6, 1943 – அக்டோபர் 16, 1998) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகள் பலவற்றை எழுதியும் தொகுத்தும் வெளியிட்டவர். கோப்புகளை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக அனுப்பப் பல்லாண்டுகள் பயன்பட்ட கோப்புப் பரிமாற்ற நெறிமுறைக்கு (எஃப்.டி.பி) 1985 ஆம் ஆண்டின் வரையறையை ஜாய்ஸ் ரேனால்ட்ஸுடன் இணைந்து எழுதியவர் இவரே.

இளமையும் கல்வியும்

கலிபோர்னியா மாநிலத்தின் அல்டடீனாவில் பிறந்தார். இவர் பயின்ற வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில்தான் இணைய முன்னோடிகளான விண்டன் செர்ஃப், ஸ்டீவ் குராக்கர் ஆகியோரும் பயின்றனர். லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1966 இல் இளநிலைப் பட்டமும், 1968 இல் முதுநிலைப் பட்டமும், 1974 இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

1969 இல் ஆர்ப்பாநெட் வலையமைப்பின் முதற் கணு அப்பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டபோது மாணவராக அப்பணியில் பங்குகொண்டார். வலையமைப்பின் விதிகளைப் பதிவு செய்யும் ஆர்.எஃப்.சி ஆவண வரிசையும் அவ்வாண்டே தொடங்கியது. அதன் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்ற போஸ்டல், இறக்கும் வரை அதனை விடவில்லை. 1977 முதல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றினார்.

கடிதமும் கோப்பும்

கோப்புப் பரிமாற்றத்திற்கான முதல் நெறிமுறையை 1971 இல் எழுதியவர், அலகாபாத்தில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண் ஆவார். அக்காலத்தில் கணினிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவையாக இருந்தன. ஒன்று 36 பிட்டுகளை ஒரு சொல்லாகக் கொண்டது, மற்றொன்று 32 பிட்டுகளை. ஓரிடத்தில் எழுதிய கோப்பு மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாகிவிடக் கூடும். எனவே கோப்பை அனுப்புமுன் அதன் வகை, அமைப்பு ஆகியன குறித்து இரு கணினிகளும் உடன்பட வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் மின்னஞ்சலும் இதே நெறிமுறையின் கட்டளைகள் வழியாகவே சென்றது. 1982 இல் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி நெறிமுறை அஞ்சலுக்குத் தனிவழி அமைத்தது. அது 7 பிட் எழுத்துகளாலான உரையை மட்டுமே கருத்தில் கொண்டது. பெரிய கோப்புகள் எஃப்.டி.பி.யிலேயே தங்கின. அஞ்சலுடன் கோப்புகளை இணைக்கும் முறை 1990களில் பரவிய பின்னரும் பெருங்கோப்புகளை அஞ்சல் வழங்கிகள் ஏற்க மறுப்பதைக் காணும்போது, இப்பிரிவினை எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

1985 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி 959, எஃப்.டி.பி.யிலிருந்து அஞ்சல் கட்டளைகளை நீக்கியது. இதன்படி இரு தொடர்புகள் ஏற்படுத்தப்படும். கட்டளைகள் 21 ஆம் எண் போர்ட்டிலும், கோப்பின் தரவு தனித் தொடர்பிலும் செல்லும். இதனால் கோப்பு சென்றுகொண்டிருக்கும்போதே அதனை நிறுத்துமாறு கட்டளையிட இயலும். பயனர் மூன்றாவது கணினியிலிருந்தவாறு, இரு வழங்கிகளுக்கிடையே கோப்பை நேரடியாக அனுப்பச் செய்யலாம். பரிமாற்றம் இடையில் தடைப்பட்டால் குறித்த இடத்திலிருந்து தொடரும் ஏற்பாடும் சில முறைகளில் உண்டு.

ஒருவரையொருவர் ஐயுறாத சிறு ஆய்வாளர் குழுவின் காலத்து நெறிமுறை இது. கடவுச்சொல்லும் மறையாக்கமின்றியே சென்றது. பிற்காலத்தில் தீச்சுவர்களும் முகவரி மாற்றிகளும் பரவியபோது இரட்டைத் தொடர்பு முறையும் இடர் தந்தது. பயர்பாக்ஸ், குரோம் உலாவிகள் 2021 இல் எஃப்.டி.பி ஆதரவை நீக்கின.

எண்களின் காப்பாளர்

எந்தச் சேவைக்கு எந்தப் போர்ட் எண் என்பதை முடிவு செய்து பட்டியலிட்டவரும் போஸ்டலே. 21 என்பது கோப்புக்கு, 25 என்பது அஞ்சலுக்கு என்று உலகின் எல்லாக் கணினிகளும் ஒப்புக்கொள்ளாவிடில் நேரடிப் பரிமாற்றம் நிகழாது. ஐ.ஏ.என்.ஏ எனப் பெயர்பெற்ற இப்பணி பெருமளவு இவரையும் சில உடன்பணியாளர்களையுமே சார்ந்திருந்தது. இவரது அதிகாரம் சட்டத்தைக் காட்டிலும் நம்பிக்கையையே அடிப்படையாகக் கொண்டிருந்தது எனலாம்.

அந்நம்பிக்கை 1998 சனவரி 28 அன்று சோதனைக்குள்ளானது. அன்றிருந்த 13 மூலப் பெயர் வழங்கிகளில் 8ஐ நடத்தியோருக்கு, அரசு ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் வழங்கிக்குப் பதிலாகத் தம் வழங்கியிலிருந்து தரவைப் பெறுமாறு போஸ்டல் மின்னஞ்சல் அனுப்பினார். அவர்களும் உடன்பட்டனர். அமெரிக்க அரசு எதிர்ப்புத் தெரிவிக்கவே, இது ஒரு சோதனை என்று கூறிப் பழைய நிலைக்குத் திரும்பச் செய்தார். பயனர்களுக்கு எவ்விதத் தடங்கலும் ஏற்படவில்லை. ஆயினும் இணையத்தின் பெயர்களும் எண்களும் யாருடைய பொறுப்பில் இருப்பது என்ற வினா இதனால் கூர்மையடைந்தது. அப்பொறுப்பை ஏற்பதற்காக ஐ.சி.ஏ.என்.என் என்னும் அமைப்பு 1998 செப்டம்பரில் உருவாக்கப்பட்டது.

மறைவு

1991 இல் இதய அடைப்பிதழ் மாற்று அறுவைக்கு உட்பட்டிருந்த போஸ்டல், மீண்டும் ஓர் இதய அறுவைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் லாஸ் ஏஞ்சலஸில் தம் 55 ஆம் அகவையில் காலமானார். செர்ஃப் எழுதிய இரங்கலுரை ஆர்.எஃப்.சி 2468 என்ற எண்ணுடன், இவர் பேணிவந்த ஆவண வரிசையிலேயே வெளியானது. இணையச் சமூகம் 1999 முதல் இவர் பெயரில் விருது வழங்கி வருகிறது. 2012 இல் இணையப் புகழ் மண்டபத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.