ஆந்திரூ பெல் ஐயர்

இராயபுரத்தில் மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் குடியிருக்கும் தெருவொன்றில், மாலை வேளைகளிற் சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்கும் பணியில் மாணவர் சிலர் ஈடுபட்டிருக்கின்றோம். ஒருநாள், பக்கத்திலிருந்தவனை அடித்துவிட்டு அடிக்கவில்லையென்று பொய்யுங் கூறிய சிறுவன் ஒருவனைத் திருத்தும்பொருட்டு யான் பிரம்பைக் கையிலெடுத்தேன். அவன் அஞ்சினான்; ஆயினும் திருந்தினானில்லை. மறுநாள் வகுப்புக்கு வரவுமில்லை. அச்சம் ஒரு பிள்ளையை அடக்குமேயன்றிப் பிறரோடு இணங்கி வாழும் பண்பை அவனுக்கு ஊட்டுமோ என்னும் ஐயம் அன்று முதல் என் மனத்தை விட்டகலவில்லை. இதே வினாவுக்கு இதே நகரில் இருநூறாண்டுகட்கு முன்னரே விடை தேடியவர் ஒருவர் உளர். அவரது வரலாற்றைச் சுருங்கக் கூறுவல்.

ஆந்திரூ பெல், ஸ்காத்லாந்து தேசத்துச் செயிண்ட் ஆந்திரூஸ் நகரில் 1753-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் முடிதிருத்துந் தொழிலினர். ஆயினும் அறிவிற் சிறந்தவர். மகனார் அந்நகர்ப் பல்கலைக்கழகத்திற் கணிதமும் இயற்கை நூலும் பயின்று, 1774-இல் அமெரிக்கா சென்று வர்ஜீனியாவிற் செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கு ஆசிரியராயிருந்தார். பின்னர்த் தாய்நாடு மீண்டு குருப்பட்டம் பெற்று, 1787-இற் சென்னை வந்து சேர்ந்தார். அந்நாளிற் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, வந்தோர் மசூலாப் படகேறி அலைகளைக் கடந்து மணலில் இறங்குவர். பெல் ஐயரை முதலில் வரவேற்றதும் அம்மணலே. பின்னர் அவருக்குப் புகழ் தந்ததும் அம்மணலே.

1789-இல், படைவீரரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்காக எழும்பூரில் ஓர் அநாதைச் சாலை நிறுவப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பைச் சம்பளம் பெறாமலே பெல் ஐயர் ஏற்றார். அங்கிருந்த பிள்ளைகளிற் பலர் ஐரோப்பியத் தந்தையர்க்கும் இந்தியத் தாயர்க்கும் பிறந்தவர். பொய்யும் சூதும் இவர்கட்குப் பிறவிக் குணம் என்று அக்காலத்து ஐரோப்பியர் பலர் எண்ணினர். அத்தாயர்பால் இழிவெண்ணம் பெல் ஐயரிடத்தும் இல்லாமற் போகவில்லை. ஆயினும், குணம் பயிற்சியால் அமைவது என்னும் நம்பிக்கை அவர்க்கிருந்தது. அந்நம்பிக்கையே இறுதியில் வென்றது.

ஒருநாட் காலை குதிரையேறிச் செல்கையில், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தாளும் மையும் வீணாகாமல் எழுத்துப் பயில இதனினும் எளிய வழியில்லை எனத் தெளிந்து, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்த முயன்றார். கீழாசிரியர் அதற்கு இசைந்து ஒழுகவில்லை. ஐயர் மனந்தளராமல், சாதாரணப் படைவீரன் ஒருவனின் மகனாகிய ஜான் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அவ்வகுப்பிற்கு ஆசானாக்கினார். பெரியோர் செய்யாததை அச்சிறுவன் செய்து காட்டினான். அதுகண்டு, பள்ளி முழுமையையும் அவ்வாறே அமைத்தார். ஒவ்வொரு வகுப்பிலும் வல்லவன் ஒருவன் பக்கத்தில் மெலியவன் ஒருவன் அமர்வான். மெலியவன் கற்றற்கு வல்லவனே பொறுப்பாளி.

இம்முறையிற் கல்வியினும் சிறந்து விளங்கியது ஒழுக்கப் பயிற்சியே. பிழை செய்தவன் பெயர் கரிய ஏடொன்றில் எழுதப்படும். வாரத்துக்கொருமுறை பள்ளி முழுவதுங் கூடிய அவையில் அவ்வேடு படிக்கப்படும். மாணவரிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு வழக்கை ஆராய்ந்து தீர்ப்புக் கூறும். அதனை நிறைவேற்றவோ குறைக்கவோ மன்னிக்கவோ ஐயர்க்கு உரிமையுண்டு. ஆசிரியனை ஏமாற்றுதல் எளிது. உடனுண்டு உடன் விளையாடுந் தோழரை ஏமாற்றுதல் அரிது. ஆகவே பொய் குறைந்தது, அடித்தலும் அரிதாயிற்று. மேலும், பிறனொருவனுக்குக் கற்பிக்கும் பொறுப்பைப் பெற்றவன், பொறுமையையுந் தானே கற்கலானான்.

உடல்நலங் குன்றியதால் 1796-இற் பெல் ஐயர் சென்னையை விட்டு நீங்கினார். மறு ஆண்டே தம் பரிசோதனையை விளக்கி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அம்முறை சென்னை முறை என்னும் பெயராலேயே உலகில் வழங்கலாயிற்று. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஏழைப்பிள்ளைகளின் கல்விக்காகத் தேசீயச் சங்கத்தை நிறுவி அம்முறையையே மேற்கொண்டனர்; ஆயிரக்கணக்கான பள்ளிகள் எழுந்தன. 1832 ஜனவரி 27-இல் அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பொருளால் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளி, மெட்ராஸ் காலேஜ் என்னும் பெயருடன் இன்றும் நடைபெறுகின்றது.

குறைகள் அவரிடத்தும் இருந்தன. ஒத்த முறையைக் கையாண்ட ஜோசப் லங்காஸ்டருடன், முதன்மை எவர்க்கு என்று நெடுங்காலம் பூசலிட்டார். ஏழைகள் தம் நிலைக்கு மேற்பட்ட கல்வி பெறுதல் தகாது என்றுங் கருதினார். மூத்த பிள்ளை இளையவர்க்குக் கற்பிக்கும் வழக்கம் நம் திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளையிடம் முன்னரே இருந்தது; 1623-இலேயே பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியர், தென்னாட்டுச் சிறுவர் மணலில் எழுதி ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொள்வதைக் கண்டெழுதியுள்ளார். நம் திண்ணைப்பள்ளியில் மணலும் இருந்தது, சட்டாம்பிள்ளையும் இருந்தான். கூடவே பிரம்பும் கோதண்டமும் இருந்தன. முன்னிரண்டையும் ஒத்தவற்றைத் தம் பள்ளியிற் போற்றி, பின்னிரண்டும் வேண்டாதவாறு செய்ய முயன்றதே பெல் ஐயரின் பெருமை.

இவ்வரலாற்றைப் படித்து முடித்தபின், அச்சிறுவனை வீடு தேடிச் சென்று அழைத்து வந்தேன். புதிதாகச் சேர்ந்த ஐந்து வயதுக் குழந்தையொன்றை அவனிடம் ஒப்படைத்தேன். அவன் முற்றுந் திருந்திவிட்டான் என்று கூறேன்; இன்னுஞ் சில வேளை சண்டையிடுகின்றான். ஆயினும், தட்டிற் பரப்பிய மணலில் அக்குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கும்போது அவன் குரல் தாழ்ந்து மென்மையுறுகின்றது. பிரம்பை யான் மீண்டும் எடுக்கவில்லை.