கண்ணாடித் தட்டில் வானம் பார்த்தவர்

அரியத்தினூடாகச் செல்லும் ஒளி நிறங்களாகப் பிரியும் என்று பௌதிகவியலில் படித்துப் பரீட்சையும் எழுதிவிட்டோம். அந்த ஒரு விடயத்தைக் கொண்டே 59 வாயு நெபுலாக்களைக் கண்டுபிடித்த பெண்ணொருவர் இருந்தார் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். அவர் வில்லியமினா பிளெமிங்.

1857 இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்தார். பதினான்கு வயதிலேயே கற்பிக்கத் தொடங்கினார். திருமணமாகி அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குச் சென்ற சிறிது காலத்தில், கர்ப்பிணியான அவரைக் கணவர் கைவிட்டார். ஹாவர்ட் அவதான நிலையப் பணிப்பாளர் எட்வர்ட் பிக்கரிங்கின் வீட்டில் பணிப்பெண்ணானார். ஊர் சென்று மகனைப் பெற்று, அங்கேயே உறவினரிடம் விட்டுத் திரும்பி, 1881 இல் அவதான நிலையத்தில் நிரந்தர வேலை பெற்றார். இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நட்சத்திரங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை எப்போது தாயிடம் வந்தான் என்றுதான் கேட்டார். சில வருடங்கள் கழித்தே வந்தான்.

தொலைகாட்டியின் முன் அரியத்தைப் பொருத்திப் புகைப்படம் எடுத்தால், கண்ணாடித் தட்டில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சிறு கீற்றாகப் பதியும். ஒளிரும் வாயுவோ சில நிறங்களை மட்டுமே வெளியிடுவதால் தனித்தனிப் புள்ளிகளாகப் பதியும். ஆயிரம் கீற்றுகளுக்கிடையே அந்தப் புள்ளிகளை உருப்பெருக்கியால் தேடுவதே அவரது வேலை. 1891 இல் அவர் கண்ட ஐ.சி. 418 என்ற கோள் நெபுலா, சாதாரணமாகப் பார்த்தால் நட்சத்திரம் போலவே தெரியும். காரணம், அது இளமையானது. முதிர்ந்த நட்சத்திரம் தன் வெளிப்படைகளை உதறும்போது உருவாகும் இவ்வாயு, முதலில் சிறிதாகவும் பிரகாசமாகவும் இருக்கும். பின் விரிந்து, ஐதாகி, மங்கி, சில பத்தாயிரம் வருடங்களுக்குள் மறைந்துவிடும். மங்கிய முதியவற்றைப் படம்பிடிக்க இன்றும் நீண்ட நேர ஒளிபதிவு தேவை.

1888 இல் எடுத்த தட்டொன்றில், ஓரியன் பகுதியில் கருமையான வளைவொன்றை அவர் கண்டார். இன்று குதிரைத்தலை நெபுலா என நாமறிவது அதுவே. ஆனால் பின்னர் வெளிவந்த பட்டியலில் அவரது பெயர் இல்லை, பிக்கரிங்கின் பெயரே இருந்தது. பல வருடங்கள் கழித்தே அது அவருடையதென ஏற்கப்பட்டது.

1899 இல் வானியல் புகைப்படங்களின் பொறுப்பாளரானார். அடுத்த வருட நாட்குறிப்பில் சம்பளம் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவருக்கு வருடத்திற்கு 1500 டொலர், ஆண்களுக்கு 2500. மகனைப் படிக்க வைக்கும் தாய் அவர். அந்த மகனுக்கு வைத்த பெயர் எட்வர்ட் பிக்கரிங் என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

1910 இல், 40 எரிடானி பி என்ற மங்கலான நட்சத்திரத்தின் நிறத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, விடையைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவரும் அவரே. மங்கலாக இருந்தும் அது மிகச் சூடான வெள்ளை நட்சத்திரம். நெபுலா கலைந்த பின் எஞ்சுவதும் இத்தகைய வெண்குள்ளன்தான் என்பது பிற்காலத்திலேயே தெரியவந்தது. அடுத்த வருடம், 54 வயதில், நியுமோனியாவால் பொஸ்டனில் காலமானார்.