முன்வாசலைத் திறந்து வைத்தவர்: ஜெனரல் வில்லியம் பூத்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் என்னைக் கேட்டுக்கொண்டார். யாரைப் பற்றி எழுதலாம் என்று யோசித்தபோது, என் வகுப்பில் நடந்த ஒரு சம்பவம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குள் போகிறேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில் கெட்டிக்கார மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். வாய்ப்பாடு கேட்டால் மற்றவர்கள் விரலை மடக்குவதற்குள் பதில் சொல்லிவிடுவான். ஒரு நாள் காலை, மிகவும் சுலபமான கணக்கு ஒன்றைக் கேட்டேன். எழுந்து நின்றான், வாயே திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நன்றாகத் திட்டி, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கதவைப் பிடித்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டான். விசாரித்தால், முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவன் வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லையாம். ஒரு வாரமாக அடைமழை. பால் வெட்டு இல்லை. வீட்டில் அம்மாவுக்கும் காய்ச்சல். ரொட்டியும் கோப்பியும் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும், நான் கேட்காமலேயே அந்தக் கணக்குக்கு விடையைச் சொன்னான். அன்றைக்குப் பாடம் படித்தது அவன் இல்லீங்க, நான்தான்.

பசித்த வயிற்றுக்கு முதலில் ஆகாரம், அறிவுரையெல்லாம் பிறகு. இந்த உண்மையை உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தான் இரட்சணிய சேனையை நிறுவிய ஜெனரல் வில்லியம் பூத். நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி, அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1829-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரை ஒட்டிய ஸ்னெயின்டன் என்னும் ஊரில் வில்லியம் பிறந்தார். தகப்பனார் வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கிக் கையிலிருந்த பணத்தையெல்லாம் இழந்தார். வில்லியமின் படிப்பு 13-ஆம் வயதில் நின்றுபோனது. பையனை ஓர் அடகுக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் தகப்பனாரும் கண்ணை மூடினார். தாயார் ஊசி, நூல், விளையாட்டுச் சாமான் விற்கும் சின்னக் கடை ஒன்றை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

அடகுக்கடை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் தோடும் வளையலும் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியாததா? அந்தக் கடையின் உள்பக்கம் நின்று ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தான் அந்தப் பையன். நாட்டிங்காம், காலுறையும் லேஸும் செய்யும் ஊர். தறிக்காரர்கள் பட்டினியில் வாடிய காலம் அது. சாமானை வைத்துவிட்டுக் காசை எண்ணிக்கொண்டு போகிறவர்களின் முகத்தை அவன் தினமும் பார்த்தான். அந்தத் தொழில் அவனுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் ஏழை வீட்டுக் கஷ்டம் எப்படிப்பட்டது என்பதை அந்தக் கடைதான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது.

15-ஆம் வயதில் அவனுக்குத் தேவாலயத்தில் ஈடுபாடு ஏற்பட்டது. நண்பர்களோடு சேர்ந்து ஏழைகள் குடியிருக்கும் சந்துகளில் நின்று பேச ஆரம்பித்தான். அப்போது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழிந்த சட்டையும் அழுக்கு உடம்புமாக இருந்த சேரிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனான். முன்வாசல் வழியாக உள்ளே அழைத்துச் சென்று, வசதியானவர்கள் உட்காரும் நல்ல இடத்தில் உட்கார வைத்தான். பெரியவர்களுக்கு முகம் சுளித்துப்போயிற்று. இனிமேல் இப்படிப்பட்டவர்களைக் கூட்டிவருவதென்றால் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து, யார் கண்ணிலும் படாத மூலையில் உட்கார வை என்று சொல்லிவிட்டார்களாம்.

மாணவச் செல்வங்களே, இந்தப் பின்வாசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மீதி வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குக் கொடுத்த பதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1849-இல் பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போனார். அங்கும் அடகுக்கடை வேலைதான் கிடைத்தது. ஓய்வு நேரத்தில் தெருவில் நின்று பிரசங்கம் செய்தார். 1855-இல் காதரின் மம்ஃபர்டு என்ற அறிவு மிகுந்த பெண்மணியை மணந்தார். ஆணைப்போலப் பெண்ணும் மேடையேறிப் பேசலாம், ஊழியம் செய்யலாம் என்று வாதாடியவர் அந்த அம்மையார். பூத் ஒரு சபையில் போதகராகவும் ஆனார். ஆனால் ஓரிடத்தில் அடங்கியிருந்து வேலை பார்க்க வேண்டும் என்று சபையார் கட்டுப்படுத்தியதால், 1861-இல் அந்தப் பதவியை விட்டு வெளியேறினார். கையில் குழந்தைகள், நிலையான வருமானம் இல்லை; மனைவி துணிந்து நின்றார். அவர் துணிந்ததால்தான் இவர் நிமிர்ந்தார்.

1865-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில், வைட்சாப்பல் என்ற இடத்தில் ஒரு கூடாரம் போட்டுத் தம் பணியைத் தொடங்கினார். அது துறைமுகக் கூலிகள் வாழ்ந்த பகுதி. விடியற்காலையில் வாசலில் கூட்டமாக நிற்பார்கள். பெயர் கூப்பிட்டவனுக்கு வேலை, கூப்பிடாதவனுக்குப் பட்டினி. பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துப் பழகிய நமக்கு இது புரியும். நமக்கு நாளைக்கு மரம் உண்டு என்ற நம்பிக்கையாவது இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

பசியோடு இருப்பவன் காதில் பிரசங்கம் ஏறாது என்று கண்டுகொண்ட பூத், 1870 முதல் மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைகளைத் திறந்தார். ஐந்து கடைகள் வரை நடந்தன. இரவோ பகலோ எப்போது போனாலும் சூடான சூப் கிடைக்கும். ஆறு பென்னிக்கு முழுச் சாப்பாடு. ஆனால் தொடர்ந்து நடத்த முடியாமல் 1874-இல் அவற்றைக் கைவிட வேண்டியதாயிற்று. பெரிய மனிதர்களும் தோற்பார்கள் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

1878-இல் அவருடைய இயக்கத்துக்கு இரட்சணிய சேனை என்ற பெயர் வந்தது. பட்டாளத்தைப்போல உடுப்பு, கொடி, பேண்டு வாத்தியம் எல்லாம் வந்தன. பூத் ஜெனரல் ஆனார். படித்தவர், பணக்காரர் என்று பாராமல் சாதாரணத் தொழிலாளிகளே அதிகாரிகளானார்கள், பெண்களும் ஆனார்கள். தெருவில் இவர்களைக் கண்டால் கல்லும் சேறும் வீசியவர்கள் பலர். 1882-ஆம் ஆண்டில் மட்டும் சேனையைச் சேர்ந்த 669 பேர் தாக்கப்பட்டார்கள் என்று கணக்கு இருக்கிறது. யாரும் திருப்பி அடிக்கவில்லை.

இயக்கம் வளர்ந்தது. ஆனால் சாப்பாட்டுக் கடை மூடியது மூடியதுதான். இந்த நிலையில் 1887-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு நாள், வெளியூரில் கூட்டம் முடித்துவிட்டு நடுச்சாமத்தில் பூத் லண்டன் பாலத்தைக் கடந்து வந்தார். குளிர் காலம். பாலத்தின் மாடங்களில் மனிதர்கள் பழைய காகிதத்தைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் மூத்த மகன் பிராம்வெல்லைக் கூப்பிட்டு, இப்படி மனிதர்கள் கிடப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் மகன். தெரிந்துமா சும்மா இருந்தாய் என்று வெட்கப்பட வைத்து, உடனே ஏதாவது செய் என்று கட்டளையிட்டார்.

இதை எண்ணிப் பாருங்கள். அவருக்கு அப்போது வயது 58. இருபது வருஷத்துக்கு மேலாக அதே லண்டனில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். பார்த்துப் பழகிப்போனால் கண்ணுக்கு முன்னால் இருப்பதுகூடத் தெரியாமல் போகும். நான் என் மாணவனைத் திட்டியதும் அப்படித்தான்.

1888-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், துறைமுகத்தை ஒட்டிய லைம்ஹவுஸ் என்ற இடத்தில் முதல் உணவுச்சாலையும் தங்கும் இடமும் திறக்கப்பட்டன. பிறகு பல இடங்களில் பெருகின. விலையைக் கேளுங்கள்: ஒரு கிண்ணம் சூப் அரைப் பென்னி, குழந்தைகளுக்குக் கால் பென்னி. நான்கு பென்னி கொடுத்தால் இரவு ஆகாரமும் படுக்கையும் காலைப் பசியாறலும் உண்டு. படுக்கை என்றால் மரப்பெட்டி போன்ற கட்டில், கடற்பாசி அடைத்த மெத்தை, போர்த்திக்கொள்ளத் தோல் விரிப்பு. ஆடம்பரம் கிடையாது. ஆனால் உடம்பு சூடாக இருக்கும். காசில்லாதவர் சேனையின் பட்டறையில் வேலை செய்து அந்தக் காசுக்கு ஈடு கொடுக்கலாம்.

தர்மமாகவே கொடுத்திருக்கலாமே, எதற்குக் காசு என்று கேட்பீர்கள். கை நீட்டி வாங்கிப் பழகினால் மனிதனின் தன்மானம் போய்விடும் என்று பூத் நினைத்தார். கால் பென்னி கொடுத்தவன் பிச்சைக்காரன் அல்ல, வாடிக்கைக்காரன். தலைநிமிர்ந்து முன்வாசல் வழியாக வருவான். சின்ன வயதில் கேட்ட சொல்லுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

1890-இல், இருண்ட இங்கிலாந்தும் அதிலிருந்து வெளியேறும் வழியும் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகத்திலேயே பணக்கார நாடாக இருந்த பிரிட்டனில் பத்தில் ஒரு பங்கு ஜனங்கள், அதாவது சுமார் 30 லட்சம் பேர், வறுமையில் மூழ்கிக் கிடப்பதாக அதில் எடுத்துக்காட்டினார். அதில் வண்டிக் குதிரையை வைத்து ஒரு நியாயம் பேசுகிறார். லண்டன் தெருவில் வண்டிக் குதிரை ஒன்று விழுந்துவிட்டால், அது யார் குற்றம் என்று யாரும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. முதலில் தூக்கி நிறுத்துகிறார்கள். அந்தக் குதிரைக்கு இராத்தங்க ஓர் இடம், தின்னத் தீனி, செய்ய வேலை மூன்றும் இருக்கின்றன. குதிரைக்குக் கிடைப்பது மனிதனுக்கும் கிடைக்கட்டும் என்றார் பூத். அவ்வளவுதான் அவர் கேட்டது!

அந்தப் புத்தகம் வெளிவந்த அதே அக்டோபர் மாதத்தில், 4-ஆம் நாள், மனைவி காதரின் புற்றுநோயால் காலமானார். புத்தகத்தின் பெரும்பகுதி அவருடைய நோய்ப் படுக்கையின் அருகில் உருவானதுதான். துக்கத்தை அடக்கிக்கொண்டு பூத் வேலையில் இறங்கினார். திட்டத்தைத் தொடங்க 100,000 பவுன் வேண்டும் என்று கேட்டார். சில மாதங்களிலேயே அது சேர்ந்தது. 1891-இல் எசெக்ஸ் மாவட்டத்தில் ஹாட்லீ என்னும் இடத்தில் பண்ணை ஒன்றை வாங்கி, வேலையற்றவர்களுக்கு விவசாயம் கற்றுக்கொடுத்தார்.

அதே ஆண்டில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையும் திறந்தார். அந்தக் காலத்தில் தீக்குச்சிக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் போடுவார்கள். அந்தப் புகை தொழிலாளப் பெண்களின் தாடை எலும்பையே அழுக வைத்துவிடும். பூத் ஆபத்தில்லாத சிவப்புப் பாஸ்பரசைப் பயன்படுத்தினார். மற்ற ஆலைகளைவிடக் கூடுதல் கூலியும் கொடுத்தார். விலை கொஞ்சம் கூடியதால் விற்பனை சூடு பிடிக்கவில்லை. ஆலை பத்தாண்டு அளவில்தான் ஓடியது. ஆனாலும் வீண்போகவில்லை. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய 1908-இல் பிரிட்டனில் சட்டமே வந்தது.

பெயர் பெற்றவரைப் பழிப்பவர்களும் உண்டல்லவா? வசூலித்த பணம் எங்கே போகிறது என்று பத்திரிகைகளில் கேள்வி எழுந்தது. பூத் கணக்கைத் திறந்து வைத்தார். 1892-இல் ஒரு விசாரணைக் குழு பார்த்து, பணம் உரிய காரியத்துக்கே செலவாகியிருக்கிறது என்று கூறியது. வீட்டிலும் வேதனை வந்தது. அவர் பட்டாளத் தலைவரைப்போலப் பிள்ளைகளிடமும் கண்டிப்பாக நடந்தார். மூன்று பிள்ளைகள் சேனையை விட்டே பிரிந்து போனார்கள். குறையே இல்லாத மனிதர் என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசிக் காலத்தில் மரியாதைகள் தேடி வந்தன. 1904-இல் அரசர் ஏழாம் எட்வர்டு அவரை அரண்மனைக்கு அழைத்துப் பேசினார். 1907-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. படிப்பை 13 வயதில் விட்ட அடகுக்கடைப் பையனுக்குக் கிடைத்த பட்டம்! பிறகு கண் பார்வை போயிற்று. 1912-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள், 83-ஆம் வயதில் காலமானார். அவருடைய உடலைச் சுமார் 150,000 பேர் வரிசையில் நின்று பார்த்துப் போனார்கள். அன்றைக்கு 58 நாடுகளில் சேனை வேலை செய்துகொண்டிருந்தது.

அவருடைய சேனை நம் பக்கமும் வந்தது. 1882-இல் பிரெடரிக் டக்கர் என்பவர் அரசாங்கப் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு, இந்திய உடை உடுத்தி பம்பாயில் வந்து இறங்கினார். நாகர்கோயிலில் உள்ள காதரின் பூத் மருத்துவமனை அந்த அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிங்கப்பூரில் 1935-லும் மலாயாவில் 1938-லும் சேனையின் பணி தொடங்கியது.

பெற்றோர்களே, நாம் ஜெனரல் ஆக வேண்டாம். ஒரு லட்சம் பவுனும் வேண்டாம். பக்கத்து வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று பார்த்தால் போதும். கொடுக்கும்போது நாலு பேர் பார்க்கக் கொடுக்காதீர்கள்; வாங்குகிறவர் தலை குனியாதபடி கொடுங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் வகுப்பு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன். பூட்டு கிடையாது. யார் எடுத்தது என்று நான் கேட்பதும் கிடையாது. டின் காலியாவதற்குள் யாராவது ஒரு பெற்றோர் நிரப்பிவிடுகிறார்கள். யார் நிரப்பியது என்றும் நான் கேட்பதில்லை.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கும் உங்களுக்கு என் பாராட்டு. வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். நாளைக்கு நீங்கள் படித்து நல்ல நிலைக்கு வந்து வீடு கட்டும்போது, பசியோடு வருகிறவருக்கும் அந்த வீட்டு முன்வாசல் திறந்திருக்கட்டும். அதுவே உங்கள் ஆசிரியர்களுக்கு நீங்கள் தரும் பரிசு.

வாழ்க வளமுடன்!