மூளை மருத்துவ முன்னோடி டாக்டர் பி. இராமமூர்த்தி

கோலா கெத்திலுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். என் பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. இருபத்து நான்கு வயதில் ஒருநாள் விடியற்காலையில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர், தலையைப் பிடித்துக்கொண்டு நிரையிலேயே சாய்ந்துவிட்டாராம். அன்று இரவே உயிர் பிரிந்தது. முனி அடித்துவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை.

2022-ஆம் ஆண்டில் என் அக்காவும் அதேபோல் தலைவலி என்று சொல்லி வீட்டில் மயங்கி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 23. இம்முறை நாங்கள் முனியை நினைக்கவில்லை. அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். மூளையில் இரத்தம் கசிந்திருப்பதை ஸ்கேன் காட்டியது. பொதுவாகத் தமனியிலிருந்து வரும் இரத்தம் நுண்குழாய்களின் வழியே வேகம் தணிந்துதான் சிரையை அடையும். அக்காவின் மூளையில் ஓரிடத்தில் அந்த நுண்குழாய்கள் இல்லை. தமனியும் சிரையும் நேராகப் பின்னிக்கிடந்தன. அழுத்தம் தாங்காமல் அந்தப் பின்னல் வெடித்திருந்தது.

பிழைப்பாளா என்று அம்மா கேட்டார். மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. அக்கா கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கையைக் காலை அசைக்கிறாரா என்று பார்த்து 11 புள்ளிகள் கொடுத்தார். பிறகு வயது, கசிந்த இடம், இரத்தம் எந்தச் சிரை வழியே வடிகிறது என்பதையெல்லாம் கணக்கிட்டு, உயிருக்கு நல்ல வாய்ப்பு உண்டு, நடக்கவும் கூடும், இடக்கையைப் பற்றி மட்டும் உறுதி சொல்ல இயலாது என்றார். கோயிலில் குறி கேட்டுப் பழகிய அம்மாவுக்கு இதுவும் ஒரு குறியாகவே பட்டது. குறிக்கும் இந்தக் கணிப்புக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி அன்று என்னைப் பற்றிக்கொண்டது. அதற்கு விடை தேடிய போதுதான் டாக்டர் பி. இராமமூர்த்தியின் வாழ்க்கையைப் படித்தேன்.

தமிழ்நாட்டின் சீர்காழியில் 1922-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் பிறந்தவர் இராமமூர்த்தி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அறுவை மருத்துவரானார். பின்னர் இங்கிலாந்து சென்று, நியூகாசில் நகரில் ரௌபாதம் என்ற அறுவை நிபுணரிடம் மூளை அறுவை மருத்துவம் கற்றார். அங்கேயே தங்கியிருந்தால் வசதியான வாழ்வு கிடைத்திருக்கும். ஆனால் அவர் தாயகம் திரும்பினார். அப்போது இந்தியாவில் இத்துறை தொட்டில் குழந்தை. 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அதைத் தொடங்கியிருந்தார். 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி தம் பணியைத் தொடங்கினார்.

அன்றைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சி.டி. ஸ்கேன் கிடையாது. மண்டையோட்டுக்குள் இருப்பதை அறிய, மூளையறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். இல்லையேல் கழுத்துத் தமனியில் ஊசி குத்தி மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். இரண்டாவது முறை 1927-இல் போர்த்துகல் நாட்டு எகாஸ் மோனிஸ் கண்டுபிடித்தது. இரத்தக்குழாய்ப் பின்னலை உயிருள்ளவரிடம் கண்ணால் காண வழிசெய்தது அதுவே. ஆனால் படம் கிடைத்தாலும், இவர் தேறுவாரா என்று சொல்ல இந்திய நோயாளிகளைப் பற்றிய முன்கணக்கு அன்று ஏது?

அந்தக் கணக்கைத் தொடங்கியவர்களுள் இராமமூர்த்தி முக்கியமானவர். 1951-இல் சாண்டி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினார். தனித்தனியே கிடந்த அனுபவங்கள் ஒரே மேடைக்கு வந்தன. மூளையில் இரத்தம் கசிவதற்கு இன்னொரு காரணமான தமனிப் புடைப்பு இந்தியாவில் எவ்வளவு காணப்படுகிறது என்பது பற்றி 1969-இல் அனைத்துலக ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். மேலைநாடுகளைவிட இங்கே குறைவு என்பது அவர் கண்ட முடிவு. அந்தக் குறைவுக்கு, பலர் மருத்துவமனையை எட்டும் முன்பே இறந்துவிடுவதும் ஒரு காரணமாகலாம் என்ற கருத்து பின்னாளில் எழுந்தது. இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் நினைவு வந்தது. அவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

இராமமூர்த்தி தனி மனிதராக நின்றுவிடவில்லை. ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணராகப் போற்றப்படும் டாக்டர் டி.எஸ். கனகா உள்ளிட்ட ஒரு தலைமுறை அவரது துறையில் உருவானது. டாக்டர் டாண்டனுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த மூளை அறுவை மருத்துவப் பாடநூலை மாணவர்கள் இன்றும் நாடுகிறார்கள்.  பத்ம பூஷண் விருதும் பெற்றார். அரசுப் பணி ஓய்வுக்குப் பின் அடையாற்றில் வி.எச்.எஸ். என்னும் தொண்டு மருத்துவமனையில் ஏழை நோயாளிகளுக்குப் பணியாற்றினார். 2003 டிசம்பர் 13-ஆம் நாள் மறைந்தார்.

அவர் காலத்திலேயே உலகெங்கும் கணிப்பு முறைகள் வளர்ந்தன. அக்காவுக்கு மருத்துவர் கொடுத்த 11 புள்ளிகள், 1974-இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த அளவுகோலின்படி அமைந்தவை. அதில் 3 மிக மோசம், 15 முழு நினைவு. 1986-இல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் ஆகியோர் பின்னலின் அளவு, இடம், சிரை வடிகால் ஆகிய மூன்றையும் கொண்டு அறுவையின் ஆபத்தை மதிப்பிட்டனர். முதியோருக்கு உயர் இரத்த அழுத்தத்தால் வரும் கசிவுக்கான அளவுகோலை இந்நோயாளிகளுக்கு அப்படியே பொருத்தினால், நிலைமை உள்ளதைவிட மோசமாகத் தோன்றிவிடும். இவர்கள் பெரும்பாலும் இளையோர். தேறும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே, வெடித்த பின்னல்களுக்கென்றே வயதையும் சேர்த்து ஒரு தனி அளவுகோல் அண்மை ஆண்டுகளில் வெளிவந்தது.

இப்போது என் கேள்விக்கு விடை கிடைத்தது. குறி ஒருவரின் வாயிலிருந்து வருகிறது. கணிப்போ, முன்பு அதே கட்டிலில் படுத்திருந்த பலரின் பதிவுகளிலிருந்து வருகிறது. தேறியவரும் தேறாதவரும் அடுத்தவருக்கு விட்டுச்சென்ற அறிவு அது. ஆனாலும் அது கூட்டத்தைப் பற்றிய உண்மை. ஒருவரின் தலையெழுத்து அன்று. அக்கா அறுவைக்குப் பின் ஆறு மாதத்தில் நடந்தார். இடக்கை விரல்கள் இன்னும் மெதுவாகத்தான் மடங்குகின்றன. ஆனாலும் அந்தக் கையால் பூத்தொடுக்கப் பழகிவிட்டார்.

தோழர்களே, நம் தோட்டப்புறங்களில் திடீரெனச் சாய்ந்தவர்கள் எத்தனை பேர்! திடீரென்று தாங்கமுடியாத தலைவலி, வாய் குழறுதல், ஒரு பக்கம் தளர்தல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வந்துசேர்ந்தால்தான் காப்பாற்ற முடியும். அடுத்தவருக்கு உதவும் கணக்கிலும் சேர முடியும். ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்கிய இராமமூர்த்தியின் வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுவே.