தோடியும் ஒரு சீவாளியும்

குறிஞ்சிப்பாடியில் முகூர்த்த நாளில் மண்டபத்துக்குப் போனால் பந்திக்கு ஓடுகிறோம். அடுத்த முறை ஐந்து நிமிடம் நாகஸ்வரக்காரர் எதிரே உட்காருங்கள். குழலோடு நாலைந்து சீவாளிகள் தொங்கும். ஒன்றை எச்சிலில் நனைத்துப் பார்ப்பார், சரிப்படாவிட்டால் மாற்றுவார். கொறுக்கைத் தட்டையில் செய்த அந்தச் சிறு துண்டும் உதடும் சேருமிடத்தில்தான் சங்கதி இருக்கிறது.

அதில் கரைகண்டவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. பிறந்தது 1898, திருமருகல். முதலில் வாய்ப்பாட்டு கற்றவர். அதனால் தொண்டையில் வரும் குழைவு குழலிலும் வர வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு.

தோடி என்றாலே ராஜரத்தினம் என்பார்கள். தோடிக்குச் சுத்த மத்யமம் வேண்டும். அன்று புழக்கத்தில் இருந்த திமிரி நாகஸ்வரத்தில் அது தானாகச் சுத்தமாக வராது. சீவாளியை உதட்டால் அழுத்தி, தளர்த்தி, மூச்சைக் கூட்டிக் குறைத்துத்தான் அந்த ஸ்வரத்தை வரவழைக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆலாபனை செய்பவருக்கு இது என்ன பாடு! கணக்கு இடிக்கிற லெட்ஜரோடு ராத்திரி வரை உட்கார்ந்தவன் நான். அதுவே எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

அவர் உதட்டை மட்டும் நம்பி நிற்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, சுத்த மத்யமம் நேராகப் பேசும் பாரி நாகஸ்வரம் உருவாகக் காரணமானார். திமிரியைவிட நீளம், சுருதி தாழ்வு. பழகிய வாத்தியத்தைப் புகழின் உச்சியில் மாற்றுவது சின்ன விஷயமா? நீளக் குழலுக்கு மூச்சும் வேறு, உதட்டுப் பிடியும் வேறு. கேட்டவர்களும் புதிய நாதத்துக்குப் பழக வேண்டும். இன்று பெரும்பாலும் வாசிக்கப்படுவது பாரிதான்.

ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்துக்கொண்டார், மேடையில் சமமாக உட்கார்ந்து வாசித்தார், 1940இல் வந்த காளமேகம் படத்தில் நடித்தார். கோபக்காரர், செலவாளி என்பதையும் மறைக்க வேண்டாம். கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜனுக்குக் கிளாரினெட் எவரெஸ்ட் என்ற பட்டம் கொடுத்தவரும் இவரே. அந்த மேல்நாட்டுக் குழலுக்கு ஒற்றைப் பட்டை, கீழே உதடு, மேலே பல். நம் சீவாளியோ இரட்டை மடிப்பு, முழுக்க உதடுதான்.

1956 டிசம்பர் 12இல் மறைந்தார், வயது 58. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2022இல்.

அவருடைய தோடி இசைத்தட்டின் பதிவு என் கைபேசியில் இருக்கிறது. மாலை நடைக்கு வரும்போது கேளுங்கள், போட்டுக் காட்டுகிறேன்.