தொட்டிலை உதைக்கும் குட்டிக் கண்ணன்... பெரியாழ்வார் பாடிய தூக்கக் கதை!

பால் குடிச்சாச்சு. ஏப்பம் விட்டாச்சு. தோளில் போட்டுத் தட்டியும் ஆச்சு. கண் சொருகுதேன்னு மெதுவா தொட்டிலில் போட்டீங்க. சோறு பிசைஞ்சு முதல் வாய் வைக்கிறதுக்குள்ள, வீல்!

உங்க வீட்டில் தினமும் இந்த சீன் ஓடுதா? அப்படின்னா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் முன்னாடி வாழ்ந்த ஒருத்தரை நீங்க தெரிஞ்சுக்கணும். கைக்குழந்தை இருக்கிற வீட்டின் கஷ்டத்தை அவர் அளவுக்குப் பாட்டில் எழுதி வெச்சவங்க ரொம்பக் குறைவு. அவர்தான் பெரியாழ்வார்.

மதுரையிலிருந்து ராஜபாளையம் போற பஸ்ஸில் ஏறினால், கிருஷ்ணன்கோவில் தாண்டி வருவது ஸ்ரீவில்லிபுத்தூர். நாம பால்கோவாவுக்காக இறங்குற ஊர். அங்கே ஆனி மாதம் சுவாதி நட்சத்திரத்தில் பிறந்தவர் விஷ்ணுசித்தர். அதுதான் பெரியாழ்வாரின் இயற்பெயர். வேலை? நந்தவனம். மண்ணைக் கொத்தி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, பூப்பறித்து, மாலை கட்டிக் கோயிலுக்குக் கொடுப்பது.

அந்தக் கோயில் பெருமாளின் பெயரைக் கவனிங்க: வடபத்ரசாயி. இங்கே `வட' என்றால் வடக்கு இல்லை, ஆலமரம். ஊழி வெள்ளத்தில் ஆலிலை மேல் குழந்தையாகப் படுத்துத் தூங்குபவர் என்று பொருள். ஆக, விஷ்ணுசித்தர் தினமும் மாலை கட்டியது, தூங்குகிற ஒரு குழந்தையின் பெயர்கொண்ட சாமிக்கு!

அவர் வாழ்க்கை மாறியது மதுரையில். பாண்டிய மன்னன் ஸ்ரீவல்லபனுக்கு, பரம்பொருள் யார் என்று ஒரு சந்தேகம். பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டு, சரியான பதில் சொல்பவருக்கு அது என்று அறிவித்தான். பெரிய பண்டிதர் என்ற பேரெல்லாம் இல்லாத நம்ம தோட்டக்காரர் போய்ப் பேச, கிழி தானாகவே தாழ்ந்து வந்தது என்கின்றன வைணவ குருபரம்பரை நூல்கள். அந்த மன்னன் 9-ம் நூற்றாண்டின் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு.

யானை மேல் ஏற்றி ஊர்வலம். அதைப் பார்க்க, கருடன் மேல் பெருமாளே வந்துவிட்டாராம். வேறு யாராக இருந்தாலும் வரம் கேட்டிருப்பாங்க. இவருக்கு வந்ததோ பதற்றம். இவ்வளவு அழகை இத்தனை பேர் பார்த்தால் கண் பட்டுடுமே! யானையின் மணிகளையே தாளமாக்கி, கடவுளையே நல்லா இருக்கச் சொல்லி வாழ்த்திப் பாடினார். அதுதான் திருப்பல்லாண்டு, 12 பாட்டு. சாமிக்கே திருஷ்டி கழித்த மனசு. `பெரிய' ஆழ்வார் என்ற பெயர் அதனால்தான் வந்தது.

இந்த மனசு குழந்தையைப் பாடினால் எப்படி இருக்கும்? அவருடைய திருமொழியின் தொடக்கப் பகுதி முழுக்க அதுதான். அதில் அவர் யசோதையாகவே மாறிடுறார்.

கண்ணன் பிறந்ததும் ஆயர்பாடியே எண்ணெயும் மஞ்சளுமாகக் கூத்தாடுகிறது. அதே பதிகத்திலேயே சீன் மாறுது. தொட்டிலில் போட்டால் தொட்டில் கிழிகிற மாதிரி உதைக்கிறான், இடுப்பில் தூக்கினால் இடுப்பை ஒடிக்கிறான், அணைத்துக்கொண்டால் வயிற்றில் பாய்கிறான், எனக்கு உடம்பில் தெம்பே இல்லை, இளைச்சுப் போயிட்டேன் என்று தாய் புலம்புகிறாள். தூக்கம் கெட்ட ஒரு அம்மாவின் அலுப்பை பக்திப் பாட்டில் மறைக்காமல் வெச்சிருக்கார் பாருங்க, எனக்கு அவரிடம் பிடிச்சதே அதுதான்.

அடுத்து தாலாட்டு. தேவர்கள் வரிசையாக வந்து பரிசு கொடுக்கிறாங்க. மாணிக்கமும் வயிரமும் பதித்த பொன் தொட்டில் அனுப்பியது பிரம்மா. அது நமக்குக் கட்டுப்படியாகாது, விடுங்க! கவனிக்க வேண்டியது வேறு. பத்துப் பாட்டில் முதல் ஒன்பதும் ஒரே சொல்லில்தான் முடியும். `தால்' என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி எழுப்புகிற ஓசைதான் தாலாட்டு. குழந்தைக்குப் புதுப் பாட்டு தேவையில்லை, நேற்றுக் கேட்ட அதே சத்தம் போதும்.

இன்றைய குழந்தைத் தூக்க ஆலோசனையும் கிட்டத்தட்ட இதுதான். பிறந்த புதிதில் குழந்தைக்குப் பகல், இரவு தெரியாது. அந்தக் கணக்கு மெல்லப் பிடிபடவே மூன்று மாதம்போல ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி மூன்று மாதம் வரை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம் தூக்கம் தேவை. பகல் தூக்கமும் இதில் சேர்த்திதான். முதல் ஐந்தாறு மாதங்களில் அரை மணி, முக்கால் மணியில் விழிப்பது சகஜம். லேசா சிணுங்கினதும் பாய்ந்து தூக்காதீங்க. அறையை இருட்டாக்கி, அதே பாட்டு, அதே தட்டல் கொடுத்தால் சில நாள் அடுத்த சுற்றுக்குள் போயிடும். சில நாள் போகாது. அது உங்க தப்பு இல்லை.

ஆழ்வாரின் நீராட்டப் பாட்டைப் படிச்சா ஆச்சரியமா இருக்கும். உடம்பெல்லாம் வெண்ணெயும் புழுதியும். இந்த நாற்றத்தோடு உடம்பைத் தேய்த்துக்கொண்டு இன்னிக்கு ராத்திரி உன்னைப் படுக்க விடமாட்டேன் என்கிறாள் யசோதை. எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன் என்று கெஞ்சல் வேறு. தூக்கத்துக்கு முன் குளியல்! 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் 405 தாய்மார்கள், ஏழு மாதம் முதல் மூன்று வயது வரையிலான தங்கள் குழந்தைகளோடு பங்கேற்றாங்க. குளியல், மசாஜ், அமைதியான நேரம் என்று தினமும் ஒரே வரிசையைப் பின்பற்றிய குழந்தைகள் சீக்கிரம் தூங்கினாங்க, ராத்திரி விழிப்பதும் குறைந்தது. அம்மாக்களின் மனநிலையும் தேறியது.

இன்னொரு பதிகம் நேர் எதிர். ராத்திரி சாப்பிடாமலே தூங்கிட்டே, இன்னிக்கும் உச்சிப்பொழுது ஆயிடுச்சு, எழுந்து பால் குடிடா என்று எழுப்புகிறாள். பிறந்த முதல் சில வாரங்களில் எடை ஏறும்வரை டாக்டர்களும் இதைத்தான் சொல்றாங்க. நீளமாகத் தூங்கினாலும் பாலுக்கு எழுப்பணும்.

ஒன்றை மட்டும் அந்தக் காலத்திலிருந்து அப்படியே எடுக்க வேண்டாம். சேலைத் தூளி வளைவதால் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுக்குச் சிரமமாகலாம். பக்கத்தில் ஆள் இல்லாமல் தூளியில் விடாதீங்க. சமதளமான, கெட்டியான படுக்கையில் மல்லாந்து படுக்க வைப்பதே பாதுகாப்பு. சாம்பிராணிப் புகையும் வேண்டாமே.

சரி, இவ்வளவு பாடியவரின் வீட்டில் குழந்தை இருந்ததா? ஆடிப்பூரத்தன்று நந்தவனத்தின் துளசிச் செடியடியில் கிடைத்தாள் ஒரு பெண் குழந்தை. கோதை என்று பெயர் வைத்து வளர்த்தார். நம்ம ஆண்டாள். பெருமாளுக்குக் கட்டிய மாலையை அவள் சூடிப் பார்த்த கதை உங்களுக்கே தெரியும். வளர்ந்ததும் ஸ்ரீரங்கம் போய் அரங்கனோடு கலந்துவிட்டாள் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது.

திருமொழியின் பிற்பகுதியில் வேறொரு தாய் பேசுகிறாள். இருந்தது ஒரே மகள், திருமகள் போல வளர்த்தேன், அவன் கொண்டுபோய்விட்டான், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று. அதைப் படிக்கும்போது கோதை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. தொட்டிலை உதைக்கிறானே என்று புலம்பியதும் அதே கைதான்.

கடைசிக் காலத்தில் மதுரைக்கு வடக்கே அழகர்கோவிலுக்குப் போனார் பெரியாழ்வார். அங்கேயும் நந்தவனம், மாலை. அங்கேயே முடிந்தது அவர் வாழ்க்கை. அவர் பாடியவை மொத்தம் 473. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் திறந்தால் முதலில் இருப்பது அவருடைய திருஷ்டி கழிப்பு. அடுத்து பிள்ளை பெற்ற வீட்டின் கொண்டாட்டம். அதற்கடுத்து பாதம் முதல் தலை வரை குழந்தையை ஆசை தீரப் பார்ப்பது. நாலாவது, தாலாட்டு.